அந்த இன்ச் டேப்பை எடுத்து வையுங்கள்

இரவு இரண்டு மணி பத்து நிமிடம். வீடே தூங்குகிறது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். கையில், என் மனைவி ஜாக்கெட் தைக்க வைத்திருக்கும் மஞ்சள் இன்ச் டேப். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் அளந்து, பேனாவால் புள்ளி வைத்து, கெண்டைக்காலைச் சுற்றி டேப்பை இழுத்துப் பிடிக்கிறேன். வலது 34.5 சென்டிமீட்டர். இடது 35. மறுபடி அளக்கிறேன். இந்தத் தடவை இடது 35.2. நேற்று ராத்திரி 35 தானே இருந்தது? வாய் உலர்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பனியன் அடுக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதுகிறேன். அப்போது எனக்கு வயது 41. முதல் நோட்டு நிறைந்து, இரண்டாவது நோட்டும் பாதி தாண்டியிருந்தது.

இதை வெளியில் சொல்ல இன்று எனக்குக் கூச்சமில்லை. நீங்களும் இன்று காலையிலிருந்து எத்தனை தடவை உங்கள் காலை அமுக்கிப் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். படியேறும்போது ஒரு தடவை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு தடவை. ஆபீசில் மேஜைக்கு அடியில் குனிந்து, பேனாவைத் தேடுகிற சாக்கில் ஒரு தடவை. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் நண்பரே. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை உரக்கச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் வலி பொய்யில்லை. நீங்கள் கோழையும் இல்லை. "எல்லாம் உன் கற்பனை" என்று சொன்ன மச்சானும் மாமாவும் தவறாகச் சொல்லிவிட்டார்கள். வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் வலிக்கிறது. அதில் வாதத்துக்கே இடமில்லை. ஆனால் அந்த வலிக்கு நீங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெயர் வைக்கிறீர்கள் பாருங்கள், ரத்தக்கட்டி என்று, எலும்புப் புற்று என்று, நரம்புச் சிதைவு என்று, அங்கேதான் நீங்கள் ஏமாறுகிறீர்கள். வலி உங்கள் உடம்பிலிருந்து வருகிறது. அந்தப் பெயர் உங்கள் பயத்திலிருந்து வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கிற தெம்பு உங்களுக்கு உண்டு. அதைத் தட்டி எழுப்பத்தான் எழுதுகிறேன்.

என் கதை சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. ஓர் ஐப்பசி மாதம். இடது கெண்டைக்காலில் ஏதோ இழுத்த மாதிரி ஒரு வலி. உட்கார்ந்தே பார்க்கிற வேலை என்பதால் முதல் இரண்டு நாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னேன். கூட நின்றவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க." அவ்வளவுதான். சித்தப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை அன்றே முடிந்திருக்கும்.

அன்று ராத்திரி போனை எடுத்துத் தட்டினேன். கால் வலி என்று தட்டினால், முதல் நிமிடம் தசைப்பிடிப்பு, இரண்டாம் நிமிடம் வைட்டமின் குறைவு. அதோடு வைத்துவிட மனசு வராது. பத்தாம் நிமிடத்தில் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டு கெண்டைக்காலுக்கும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆபத்து என்று எங்கோ படித்தேன். அது மருத்துவர்கள் வேறு பல அடையாளங்களோடு சேர்த்து வைத்து எடைபோடுகிற ஒரு தடயம். நான் அதை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன். டேப் என் கைக்கு வந்தது அப்படித்தான்.

பிறகு பரிசோதனைகள். சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி. கால் ரத்தக்குழாய்க்கு டாப்ளர். ஒவ்வொரு ரிசல்ட்டும் கைக்கு வரும்வரை சோறு இறங்காது. நார்மல் என்று வந்ததும் உலகமே வெளிச்சமாகும், ஓட்டலில் இரண்டு தோசை சாப்பிடுவேன். அந்த வெளிச்சம் எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கும்போது ஒரு குரல் கேட்கும்: லேபில் மாற்றிக் கொடுத்திருந்தால்? டாப்ளர் எடுத்த பையன் அவசரத்தில் பார்த்திருந்தால்? அதன் பிறகுதான் வலி வந்திருந்தால்?

இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிற்றின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சோதித்துப் பார்த்ததும் பயம் தணிகிறது. தணிந்ததால், மனம் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: சோதித்ததால்தான் தப்பித்தோம் என்று. அடுத்த தடவை பயம் வந்ததும் மறுபடி சோதிக்கச் சொல்கிறது. கடன் வாங்கி வட்டி கட்டுகிறவனுக்கும் வட்டி கட்டிய அன்று நிம்மதியாகத்தான் இருக்கும். அசல் அப்படியே நிற்கும். ஒவ்வொரு அமுக்கலும், ஒவ்வொரு தேடலும், "ஒண்ணும் இல்லைதானே?" என்று மனைவியிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் கட்டும் வட்டி.

ஆனால் ஒரு தடவை முறையாகக் காட்டிக்கொள்ளுங்கள். தைரியம் என்ற பெயரில் டாக்டரிடமே போகாமல் இருப்பதும் பயத்தின் இன்னொரு வேஷம்தான். காலில் காத்திருக்கக் கூடாத அடையாளங்கள் சில உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்துபோனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, உணர்ச்சி குறைந்தால் அதுவும் அவசரம். முதுகு வலியோடு கால் பலம் இழந்து, தொடையிடுக்கில் மரத்து, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டை மீறினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், காய்ச்சலும் எடைக்குறைவும் கூடவே இருந்தால், ராத்திரி பகல் விடாமல் ஒரே எலும்பில் குடைந்தால், குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டை பிடித்து நின்றதும் விடுகிறது என்றால், நாள் கடத்தாமல் காட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் புண்ணோ மரத்துப்போதலோ இருந்தால் தள்ளிப்போடவே கூடாது.

மேலே உள்ள பத்தியை ஒரு தடவை படித்துவிட்டீர்கள். போதும். இதில் உள்ளது உங்களுக்கு இல்லையென்றால், நாளை ராத்திரி இதைத் திரும்பப் படிக்க வராதீர்கள். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் வந்திருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், வராதீர்கள்.

என்னை மீட்டவர் மார்க்கெட் தெருவில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கும் ஒரு வயதான பொது மருத்துவர். நான் கொண்டுபோன ஃபைலை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. "பேண்ட்டை மடிச்சு விடுங்க" என்றார். இரண்டு கெண்டையையும் தொட்டுப் பார்த்தார். பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நாடி பார்த்தார். கணுக்காலுக்குப் பின்னால் சுத்தியலால் தட்டினார். முன்பாதத்தில் நடக்கச் சொன்னார், பிறகு குதிகாலில் நடக்கச் சொன்னார். அந்தச் சின்ன அறையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நான் குழந்தை மாதிரி நடந்தேன். முன்பாதத்தில் நடக்க முடிந்தால் கெண்டைத் தசைக்கும் அதற்கு வரும் நரம்புக்கும் பலம் இருக்கிறது. குதிகாலில் நடக்க முடிந்தால் பாதத்தைத் தூக்கும் தசைக்கும் அதன் நரம்புக்கும் பலம் இருக்கிறது. என் ஃபைல் முழுக்கத் தேடிக் கிடைக்காத பதில் அந்தப் பத்தடி நடையில் இருந்தது.

பிறகு கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவ அமுக்கிப் பாப்பீங்க?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "முப்பது நாப்பது தடவ இருக்கும் டாக்டர்."

"சரி, வலது கையை நீட்டுங்க." என் முழங்கைக்குக் கீழே, சதைப்பிடிப்பான ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். "இங்க வலிக்குதா?" இல்லை என்றேன். "இதே எடத்த, காலை அமுக்குற மாதிரியே, தெனமும் முப்பது தடவ அமுக்குங்க. ஒரு வாரம் கழிச்சு வாங்க. மருந்து அப்புறம் எழுதறேன்."

மூன்றாம் நாளே கை வலிக்க ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் சட்டை மாட்டும்போது துணி பட்டாலே தெரிந்தது. ஒரு வாரம் கழித்துக் கையைத் தடவிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். அவர் சிரிக்கவில்லை. "வலி நெஜம் சார். அதுக்கு நீங்க கட்டுன கதைதான் பொய்" என்றார்.

வலி என்பது அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு மணி அடிக்கிற ஒரு கம்பி என்றுதான் வெகு காலம் மனிதர்கள் நம்பியிருந்தார்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. 1995இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது, 15 சென்டிமீட்டர் ஆணி ஒன்று அவர் பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி கொஞ்சம் அசைந்தாலும் அவருக்கு வலித்தது. ஃபென்டனில் போன்ற வலுவான மருந்துகளைக் கொடுத்துத்தான் ஆணியை எடுத்தார்கள். பூட்ஸைக் கழற்றிப் பார்த்தால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. பாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் நடிக்கவில்லை. கண்ணால் கண்ட ஆணியை மூளை நம்பியது. நம்பியதால் வலித்தது.

இதற்கு நேர்மாறாக, காலே இல்லாதவருக்குக் கால் வலிப்பதும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மவர் வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் இல்லாத கையில் வரும் வலிக்கு 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டு வழி தேடினார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்தார். கை அசைவதைக் கண் பார்த்ததும் சிலருக்கு வலியின் பிடி தளர்ந்தது. பின்னால் கால் இழந்தவர்களுக்கும் இந்த முறை பயன்பட்டது. வலி தயாராகும் இடம் மூளை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மூளையில் தயாராவதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் மூளைக்கு நீங்கள் என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது நேரடியாகக் கால் வலியைத் தொடுகிறது. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாடின் மாத்திரை சாப்பிட்டால் தசை வலிக்கும் என்ற பேச்சு ஊரெல்லாம் இருக்கிறது. சிலருக்கு உண்மையாகவே வரும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள், பக்கவிளைவு தாங்காமல் அந்த மாத்திரையை நிறுத்திய 60 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்தார்கள். நான்கு மாதத்துக்கு மெய்யான மாத்திரை, நான்கு மாதத்துக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதத்துக்குக் காலிப் புட்டி. மாதங்கள் கலைத்து வைக்கப்பட்டிருந்தன; மாத்திரை இருக்கும் மாதங்களில் எது மெய், எது வெற்று என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. 2020இல் முடிவு வந்தது. மாத்திரையே இல்லாத மாதங்களைவிட மெய் மாத்திரை மாதங்களில் கூடிய தொந்தரவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெற்று மாத்திரை மாதங்களிலும் கூடியிருந்தது. மாத்திரையே இல்லாத மாதங்களில் தொந்தரவு பாதியளவுதான். வலிக்கும் என்ற எதிர்பார்ப்பே வலியைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். ஆனால் எதிர்பார்ப்புக்கு இவ்வளவு பலம் இருக்கிறதென்றால், விடிய விடிய ஒரு கெண்டைக்காலைக் காவல் காக்கும் உங்கள் கவனத்துக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்று யோசியுங்கள்.

பயம் இன்னொரு காரியமும் செய்யும். பயந்தவன் தசையை இறுக்குவான். இறுக்கிய தசை வலிக்கும். பயந்தவன் மூச்சை வேகமாக விடுவான், அதனாலேயே கை கால் விரல்கள் மதமதக்கும். தூக்கம் கெட்டால், காபி கூடினால், கெண்டையில் சதை துடிக்கும். வலி, மரப்பு, துடிப்பு! இந்த மூன்றையும் போனில் சேர்த்துத் தட்டிப் பாருங்கள், என்னென்ன பெயர்கள் வரும் என்று எனக்கு மனப்பாடம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பாட்டிகள் சொன்னது வேறெதை?

கால் வலிக்கு வேர் முதுகில் இருக்குமோ, எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும் என்று நினைப்பீர்கள். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே நூற்றுக்கு 37 பேருக்கு முதுகு டிஸ்க்கில் தேய்மானம். எண்பது வயதில் 96 பேருக்கு. அத்தனை பேரும் வலி இல்லாமல் இருந்தவர்கள். தலை நரைப்பது மாதிரி உள்ளேயும் நரைக்கிறது. தேவையில்லாமல் எடுக்கும் ஸ்கேன் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும். டாக்டர் கேட்டால் எடுங்கள். டீக்கடையில் கூட நின்றவர் சொன்னால் எடுக்காதீர்கள்.

இப்போது, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

அந்த டாக்டரிடம் போவதற்குச் சில நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் தூங்கி எழுந்து கூடத்துக்கு வந்தேன். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த மஞ்சள் டேப். கெண்டைக்காலில் பேனாவால் ஒரு நீலப் புள்ளி. குச்சி மாதிரி இருக்கும் அந்தக் காலைச் சுற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, டேப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது.

"அப்பா, எனக்கும் ரெண்டு காலும் ஒண்ணா இல்லப்பா."

நண்பரே, ரத்தக்கட்டி என்று நினைத்து நடுங்கிய எந்த ராத்திரியிலும் எனக்கு அப்படி நெஞ்சு வலித்ததில்லை. நான் அவளுக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டிய வயது அது. பயப்படச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வார்த்தைகூட வாயால் சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் காலில் இல்லாத நோய் அவள் மனசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்று எனக்குக் கோபம் வந்தது. என்மேல் இல்லை, அந்தப் பயத்தின்மேல். நீ யார் என் வீட்டுக்குள் வந்து உட்கார? என் ராத்திரிகளை எடுத்துக்கொண்டாய். என் சோற்றைக் கசக்க வைத்தாய். இப்போது என் பிள்ளையின் காலில் புள்ளி வைக்கிறாயா? எழுந்திரு. வெளியே போ!

அந்தக் கோபம் உங்களுக்கும் வர வேண்டும். நோய் வந்துவிடுமோ என்று பயந்து நீங்கள் இழந்ததை எண்ணிப் பாருங்கள். போகாத கல்யாணங்கள். ஏறாத மலைக்கோயில். எழுதாமல் விட்ட பரீட்சை. கேட்காமல் விட்ட பதவி உயர்வு. குழந்தை தோளில் ஏறக் கேட்டபோது "அப்பாவுக்குக் கால் வலி" என்று சொன்ன ஒவ்வொரு மாலையும். நோய் எடுத்துக்கொள்ளக்கூடிய எல்லாவற்றையும் நோய் வராமலே நீங்களாக எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இனி ஒரு நாள்கூடக் கொடுக்காதீர்கள்!

என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் செய்ததைச் சொல்கிறேன். டேப்பைத் தையல் மெஷின் டிராயரில் வைத்து, "இதை நான் கேட்டால் தராதே" என்று மனைவியிடம் சொன்னேன். நோட்டுகள் இரண்டையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். காலை அமுக்கக் கை போகும்போதெல்லாம் பத்து நிமிடம் தள்ளிப்போட்டேன். அமுக்கவே கூடாது என்று சத்தியம் செய்யவில்லை, சத்தியம் செய்தால் அன்று மாலையே உடைந்துவிடும். பத்து நிமிடம் மட்டும். பத்து நிமிடம் அரை மணி ஆனது. முப்பது தடவை பத்துத் தடவை ஆனது. சில நாள் தோற்றேன். ஒரு புதன்கிழமை முழுக்க அமுக்கிக்கொண்டே இருந்தேன். வியாழக்கிழமை மறுபடி ஆரம்பித்தேன். போனை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சமையலறை அலமாரியில் வைத்தேன். கவலைப்பட வேண்டுமா, மாலை ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை நாற்காலியில் உட்கார்ந்து கவலைப்படுவது என்று நேரம் ஒதுக்கினேன். பல நாள் அந்த நேரத்துக்குக் கவலை வரவேயில்லை.

டாக்டர்கள் பலரைப் பார்க்காதீர்கள். ஒருவரைப் பிடியுங்கள், அவரையே நம்புங்கள். பயம் வரும்போதெல்லாம் ஓடாமல், அவர் வரச் சொன்ன நாளில் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், நடங்கள். வலியோடு நடங்கள். டாக்டர் பார்த்துப் பரவாயில்லை என்று சொன்ன பிறகு, வலி முழுக்கப் போகட்டும், பிறகு நடக்கிறேன் என்று உட்காராதீர்கள். உட்கார உட்காரத் தசை இளைக்கும், இளைத்த தசை இன்னும் வலிக்கும். முதல் நாள் நான் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போனேன். அடுத்த வாரம் தண்ணீர்த் தொட்டி வரை. கார்த்திகைத் தீபத்தன்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தேன். வலி இருந்தது. தீபங்களும் இருந்தன. தீபங்களைப் பார்த்தேன்.

சார்லஸ் டார்வினை எல்லோருக்கும் தெரியும். அவர் வாழ்நாளில் பாதிக்கு மேல் நோயாளி என்பது பலருக்குத் தெரியாது. வாந்தி, நடுக்கம், படபடப்பு, சோர்வு. அன்றைய மருத்துவர்களால் காரணம் சொல்ல முடியவில்லை, இன்றுவரை அறிஞர்களிடம் ஒருமித்த முடிவில்லை. 1849 ஜூலையிலிருந்து 1855 ஜனவரி வரை, ஐந்தரை வருடம், தன் உடல்நிலையை நாள்தோறும் குறித்து வைத்தார். என் நோட்டைப் போலவே ஒரு நோட்டு! ஆனால் ஒரு வித்தியாசம். அந்த நோட்டோடு அவர் நிற்கவில்லை. அதே வருடங்களில்தான் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் கொட்டலசுகளை ஆராய்ந்து பெரும் நூல்களை வெளியிட்டார். வீட்டுக்குப் பின்னால் மணல் கொட்டிய ஒரு நடைபாதை போட்டு, அதில் தினமும் சுற்றி நடந்தார். குறிப்பெழுதுவதை நிறுத்திய நான்காம் வருடம், 1859இல், உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்தது. மனித குலம் தன்னைப் பார்க்கும் பார்வையையே மாற்றிய புத்தகம், காரணம் தெரியாத நோயோடு நடந்துகொண்டிருந்த ஒருவருடைய கையிலிருந்து வந்தது. உடம்பு பூரணமாகச் சரியான பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருந்தால்? 73 வயது வரை வாழ்ந்தார். அந்த வயதுவரை காத்துக்கொண்டே இருந்திருப்பார்.

உங்களுக்கும் ஒரு வேலை காத்திருக்கிறது. அது உலகை மாற்றாவிட்டாலும் உங்கள் வீட்டை மாற்றும். முழு நிச்சயம் கிடைத்த பிறகு வாழத் தொடங்குவேன் என்று சொல்லாதீர்கள். எந்த டாக்டராலும், எந்த இயந்திரத்தாலும், நாளை உங்களுக்கு ஒன்றும் வராது என்று எழுதித் தர முடியாது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த உத்தரவாதம் கிடையாது. அது இல்லாமலேதான் அவர் இன்று காலை மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காய் பேரம் பேசினார். அதே நெஞ்சுரம் உங்களிடமும் உண்டு. பயம் அதன்மேல் படுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று நூறு தடவை சொல்லாதீர்கள், நூற்றொன்றாவது தடவையும் கேட்பார். "சும்மா நடிக்காதே" என்றும் சொல்லாதீர்கள், அது நெஞ்சை உடைக்கும். "பயமா இருக்கா? சரி வா, கடை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று சொல்லுங்கள். என் மனைவி சொன்னது அதைத்தான்.

தனியாகச் சமாளிக்க முடியவில்லையா? மனநல மருத்துவரைப் பாருங்கள். இதில் தலைகுனிய ஒன்றுமில்லை. பல் வலிக்குப் பல் டாக்டரிடம் போகிறோம், பயம் பிடித்தால் பயத்துக்கு வைத்தியம் தெரிந்தவரிடம் போகிறோம். நோய்ப் பயத்தால் அவதிப்பட்ட 444 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை, ஐந்து முதல் பத்து அமர்வுகள்தான். அதைப் பெற்றவர்களுக்கு மற்றவர்களைவிடப் பயம் குறைந்தது, இரண்டு வருடம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கு டேப்பை எடுப்பதற்குப் பதில் அந்த ஐந்து எண்களைத் தட்டுங்கள்.

என் இடது கெண்டைக்கால் இன்றும் எப்போதாவது இழுக்கும். மழை நாளில், வெகு நேரம் உட்கார்ந்து எழுந்தால், ஒரு பிடி பிடிக்கும். "வந்துட்டியா, சரி, கூட நட" என்று சொல்லிவிட்டு நடப்பேன். என் மகள் இப்போது பள்ளியில் நானூறு மீட்டர் ஓடுகிறாள். அவள் கால்களை யாரும் அளப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு டேப் இருக்கிறது. அது போனாக இருக்கலாம், ரத்த அழுத்த மெஷினாக இருக்கலாம், கட்டைவிரலாக இருக்கலாம். இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் அதை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனை வரை போய் வாருங்கள் நண்பரே. வரும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வாருங்கள்.